விதைமேல் போட்ட பழி: ஒரு ஸ்நாப்டிராகன் பாத்தியின் ஆய்வு

"விதையே மோசம்டா" என்றுதான் அக்கா ஆரம்பித்தாள். நான் பாத்தியை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

மூன்று பாக்கெட் விதை வாங்கி, மூன்று வரிசையாக, வரிசைக்கு பன்னிரண்டு என்று முப்பத்தாறு ஸ்நாப்டிராகன் என்ற பூச்செடி நட்டிருந்தாள். வேலியோரம் இருந்தது குட்டை ரகமான ஸ்னாப்ஷாட். நடுவில் சான்டிலி. முன்னால் பொட்டோமாக். மூன்றும் ஏறக்குறைய ஒரே இளஞ்சிவப்பு என்பதால் சேர்த்து வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். நான் போனபோது குட்டை வரிசையின் இலைகள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. இடுப்பைத் தாண்ட வேண்டிய சான்டிலி முழங்காலுக்குக் கீழேயே பூத்து முடித்திருந்தது, அந்தப் பூக்களும் நிற்காமல் உதிர்ந்துகொண்டிருந்தன. பொட்டோமாக் மட்டும் நன்றாக உயர்ந்திருந்தது. ஆனால் ஒரு மழைக்காற்றில் மொத்த வரிசையும் படுத்துவிட்டது.

மூன்று பாக்கெட்டும் ஒரே இடத்தில் வாங்கியவை. ஆகவே குற்றவாளி விதைதான் என்பது அவள் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எங்கே தவறியது, அடுத்த பருவத்தில் எதை மாற்றினோம், என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு தோட்டத்தில் நாலு விதமான கோளாறு ஒன்றாகத் தெரிந்தால் அவற்றுக்கு ஒரே காரணம் தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இங்கே காரணங்கள் தனித்தனியாக இருந்தன, ஒன்றிரண்டு ஒன்றுக்கொன்று கைகொடுத்தும் இருந்தன.

பழைய கதையைக் கேட்டது

முதலில் அவளிடம் நாள்கணக்கு கேட்டேன். எப்போது விதைத்தாய், எப்போது முளைத்தது, எப்போது நட்டாய். நல்லவேளையாக அவளுக்கு நாட்காட்டியில் கிறுக்கி வைக்கும் பழக்கம் உண்டு. அதில் ஒரு விஷயம் உடனே கண்ணில் பட்டது: விதைப்பு என்று இரண்டு முறை எழுதியிருந்தாள். நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி.

"முதல் தடவை முளைக்கவே இல்லை. அதான் திரும்பப் போட்டேன்."

"மண் போட்டு மூடினியா?"

"மூடாம? விரல்நுனி ஆழத்துக்குக் குழி போட்டுத்தான் வெச்சேன்."

அங்கேதான் முதல் முடிச்சு. ஸ்நாப்டிராகன் விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் சேமித்திருக்கும் சத்து ஒரு சென்டிமீட்டர் மண்ணைத் துளைத்து மேலே வரப் போதாது. அதோடு முளைப்பதற்கு அதற்கு வெளிச்சமும் தேவை. ஈரமான கலவையின் மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டாலே போதும், மூடவே வேண்டாம். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்று இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். மேலிருந்து பூவாளியால் ஊற்றினால் விதை ஓரமாக அடித்துக்கொண்டு போகும். அதனால் குழித்தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். இரண்டாவது முறை அவள் பொறுமையிழந்து மேலே தூவிவிட்டு அப்படியே விட்டிருக்கிறாள். முளைத்துவிட்டது! புதுப் பாக்கெட் என்பதால் முளைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

விதை புதைந்ததால் போனது மூன்று வாரம்தானே என்று தோன்றும். இந்தச் செடிக்கு அந்த மூன்று வாரம் பெரிய விஷயம். இது குளிர்ந்த பருவத்தில் வளர விரும்புகிற செடி. தெற்கு ஐரோப்பாவில், மத்தியதரைக் கடல் பக்கத்துப் பாறை இடுக்குகளிலும் பழைய சுவர்களிலும் தானாக முளைக்கிற இனம். விதைத்ததிலிருந்து பூக்க மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். நாற்றுப் பருவத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பழக்கிவிட்டால் லேசான உறைபனியைக்கூடத் தாங்கும். வெயில் ஏறிவிட்டால்தான் சுணங்கும். அக்காவின் செடிகள் பாத்திக்குப் போனபோது இரவுக் குளிர் விலகத் தொடங்கியிருந்தது, பகல் நீண்டுகொண்டிருந்தது.

ஒரே நாளில் விதைத்தும் ஒன்று வளர்ந்தது, ஒன்று வளரவில்லை

தாமதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பொட்டோமாக் அதற்கு இடம் தரவில்லை. சான்டிலியோடு அதே நாளில் விதைத்தது, அதே மண், அதே உரம், அடுத்தடுத்த வரிசை. இரண்டிலும் அக்கா கொழுந்து கிள்ளியிருந்தாள். அப்படியும் பொட்டோமாக் ஒரு மீட்டரைத் தொட்டது. சான்டிலி பென்சிலைவிட ஒல்லியான தண்டில், முப்பத்தைந்து சென்டிமீட்டரில் பூத்துவிட்டது. மண்ணோ உரமோ கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா குட்டையாகி இருக்க வேண்டும்?

ரகத் தேர்வில் மிக முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு அதை யாரும் சொல்வதே இல்லை. கொய்மலருக்காக, அதாவது தண்டோடு வெட்டி ஜாடியில் வைக்கும் பூவுக்காக, வளர்ப்பவர்கள் உயரமான ஸ்நாப்டிராகன் ரகங்களை நான்கு பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சூட்டுக்கும் பகல் நீளத்துக்கும் செடி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துச் செய்த பிரிவு அது. முதல் பிரிவு, குளிரான இரவிலும் குட்டைப் பகலிலும் மங்கிய வெளிச்சத்திலும்கூடப் பூக்கும். நான்காவது பிரிவு, நீண்ட பகலும் சூடும் வந்தால்தான் பூக்கும். இரண்டும் மூன்றும் நடுவில்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. முதல் பிரிவுச் செடி அவசரக்காரன். குளிரில் அந்த அவசரம் அடங்கி, நிதானமாகத் தண்டு வளர்த்து, பிறகு பூக்கும். அதைக் கொண்டுபோய் நீண்ட பகலிலும் வெயிலிலும் விட்டால் தண்டு வளருமுன் பூத்துவிடும். நான்காவது பிரிவு நிதானக்காரன். வெயிலிலும் அவசரப்படாமல் உயரும். ஆனால் அதைக் குளிர்காலத்தில் நட்டால் இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கும், பூ எப்போது வரும் என்று நாம் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சான்டிலி 1, 2 பிரிவைச் சேர்ந்தது. பொட்டோமாக் 3, 4. பாத்தியில் நடந்தது அதேதான். சான்டிலி விதையில் ஒரு குறையும் இல்லை. குளிருக்கான செடியை வெயிலுக்கு நட்டிருக்கிறாள். அக்காவின் பாக்கெட்டில் பூவின் படம் பெரிதாக இருந்தது, உயரம் போட்டிருந்தது, பிரிவு எண் இல்லை. அவள் நிறம் பார்த்து வாங்கினாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் வாங்குவோம்.

கொழுந்து கிள்ளியதும் இதில் கொஞ்சம் கைகொடுத்தது. மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை நாலைந்து வரும். பூத்தண்டு அதிகம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் சற்று ஒல்லி, பூப்பதும் இரண்டு மூன்று வாரம் தள்ளும். காலம் கைவசம் இருந்தால் கிள்ளலாம். ஏற்கெனவே மூன்று வாரம் பிந்திய செடியைக் கிள்ளுவது, ஓடும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் செருப்பைத் தேடுவதுபோல. குட்டை ரகம் தானாகவே கிளைக்கும், அதைக் கிள்ள வேண்டியதே இல்லை. அக்கா அதையும் கிள்ளியிருந்தாள்.

படுத்த வரிசை

பொட்டோமாக் விழுந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மீட்டருக்கு மேல் போகிற செடிக்கு முட்டுக் கொடுக்கவில்லை, மழையில் பூக்கதிர் நனைந்து கனத்தது, விழுந்தது. ஒரு விஷயம் மட்டும் பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. மறுநாள் காலை எல்லா நுனிகளும் யானைத் துதிக்கை மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தன. ஸ்நாப்டிராகன் தண்டுக்குப் புவியீர்ப்புக்கு எதிராகத் திரும்பும் குணம் அதிகம். சில மணி நேரம் படுத்தாலே நுனி நிமிரும், அந்த வளைவு பிறகு நேராகாது. வெட்டிய பூத்தண்டைக் கூடையில் கிடத்தி வைத்தாலும் இதே கதைதான். அதனால் வெட்டியதும் நிற்கவைத்தே எடுத்துப் போக வேண்டும்.

இலையைத் திருப்பினோம்

குட்டை வரிசைதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேலிருந்து பார்த்தால் இலையில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள். சத்துக் குறைவு என்று நினைத்து அக்கா இரண்டு முறை உரம் வைத்திருந்தாள். நான் ஒரு இலையைப் பறித்துத் திருப்பினேன். அடியில் சாக்லேட் நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், நடுவில் ஒன்று, அதைச் சுற்றி வளையமாக மற்றவை, யாரோ காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் பழுப்புப் பொடி ஒட்டியது.

துரு நோய். புச்சினியா ஆன்டிரைனி என்ற பூஞ்சை. ஸ்நாப்டிராகன் வளர்ப்பவர்களின் பழைய எதிரி. 1933இல் இது இங்கிலாந்தில் தலைகாட்டியது. துருவைத் தாங்கும் ரகங்களை உருவாக்கினார்கள், பூஞ்சையும் புதுப்புது வகையாக மாறி அவற்றில் பலவற்றை மடக்கிவிட்டது. எனவே பாக்கெட்டில் துரு தாங்கும் என்று போட்டிருந்தால் அதைக் கவசமாக நினைக்காதீர்கள், குடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையின் எந்த முனை மோசம் என்று ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனோம். குழாய்ப் பக்கமிருந்த முதல் நாலு செடியில் இலையே மிஞ்சவில்லை. நடுவில் பாதிக்குப் பாதி. கடைசி மூன்றில் அடியிலைகளில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். அடுத்த வரிசையான சான்டிலியிலும் குழாய்ப் பக்கத்துச் செடிகளில்தான் புள்ளி தொடங்கியிருந்தது. நோய் இப்படி ஒரு பக்கத்திலிருந்து தேய்ந்துகொண்டே போனால் அது புறப்பட்ட இடம் அந்தப் பக்கம்தான்.

குழாயடியில் சிமெண்டு விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில், தானாக முளைத்த ஒரு பழைய ஸ்நாப்டிராகன் செடி இருந்தது. முந்தைய வருஷத்தியது. அடித்தண்டு கட்டையாகிப் போயிருந்தது. "பாவம், அதுவா பிழைச்சு வந்துச்சு, பிடுங்க மனசு வரலை" என்றாள் அக்கா. அதன் இலையைத் திருப்பினால் முழுக்கத் துரு. இந்தப் பூஞ்சை உயிருள்ள செடியில்தான் பருவம் தாண்டிப் பிழைத்திருக்கும். அவள் இரக்கப்பட்டு விட்டது செடியை மட்டுமல்ல, அதிலிருந்த வாடகைக்காரரையும்தான்.

பூஞ்சையின் வித்தான அந்தப் பழுப்புப் பொடி இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. இலை ஆறு முதல் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அந்தப் பொடி முளைத்து இலைக்குள் இறங்கும். அக்கா தண்ணீர் விட்டது சாயங்காலம் ஆறு மணிக்கு, சுழலும் தெளிப்பானில். இரவு முழுக்க இலை ஈரம். குட்டைச் செடிகளைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி வைத்ததில் காற்றும் புகவில்லை. முன்னால் உயரமான இரண்டு வரிசை காலை வெயிலையும் மறைத்தது. குட்டை ரகத்தைப் பின்னால் வைத்ததால் கண்ணுக்கும் நிறைவில்லை, செடிக்கும் நிறைவில்லை. இதில் விதையின் பங்கு என்ன? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

உதிர்ந்த பூ

சான்டிலி பூ உதிர்ந்ததற்கும் வெயில்தான் காரணம் என்று நான் முதலில் நினைத்தேன். பாதி மட்டும் சரி. இதைப் புரிய பூவின் அமைப்பைச் சொல்ல வேண்டும். சாதாரண ஸ்நாப்டிராகன் பூவுக்கு மேலுதடு, கீழுதடு உண்டு, வாய் மூடியே இருக்கும். இரண்டு பக்கமும் லேசாக அமுக்கினால் வாயைத் திறக்கும். பேரே அதனால்தான். பெரிய, கனமான தேனீ வந்து கீழுதட்டில் உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும், சின்னப் பூச்சிகளுக்கு உள்ளே வேலையில்லை. சான்டிலி வேறு மாதிரி. உதடு என்று எதுவுமில்லாமல், எல்லா இதழும் ஒரே அளவில் விரிந்து நிற்கும். பட்டாம்பூச்சி வகை என்பார்கள். அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போகலாம்.

மகரந்தம் சேர்ந்துவிட்டால் ஸ்நாப்டிராகன் இதழைச் சீக்கிரம் கழற்றிவிடும். அப்படியானால் திறந்த பூ சீக்கிரம் உதிர வேண்டும். சோதித்துப் பார்த்தோம். மிச்சமிருந்த சான்டிலிக் கதிர்களில் மூன்றுக்கு மட்டும், மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைப்பை மாட்டினோம். மூன்றைத் திறந்து விட்டோம். வலைக்குள் இருந்த பூக்கள் மற்றவற்றைவிட நாலைந்து நாள் கூடுதலாக நின்றன. ஆறு கதிரை வைத்து உலகத்துக்கு விதி சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது: திறந்த வகையைக் கீழ்ப்பூக்கள் மூன்றில் ஒரு பங்கு விரிந்ததும், தேனீக்கு முன்னால் போய் வெட்டிவிட வேண்டும். பழுக்கும் பழத்தின் பக்கத்தில் ஜாடியை வைக்கவும் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் பூ கொட்டிவிடும்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. அக்கா உதிர்ந்த சான்டிலியிலிருந்து விதை எடுத்து வைத்திருந்தாள். காய்ந்த காயில் மூன்று ஓட்டை, பார்த்தால் சின்ன மண்டையோடு மாதிரியே இருக்கும். குழந்தைகளுக்குக் காட்டினால் விடவே மாட்டார்கள். அந்த விதையில் வந்த செடிகளில் பாதிக்கு மேல் வாய் மூடிய பூ. "இது வேற விதைடா, கலந்துடுச்சு!" கலக்கவில்லை. பக்கத்து வரிசை பொட்டோமாக்கின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருக்கிறது. திறந்த வடிவம் ஒடுங்கு பண்பு, மூடிய வடிவம் அதை மறைத்துவிடும். இதே செடியில் இதே கலப்பைச் செய்தவர் சார்ல்ஸ் டார்வின். ஒழுங்கான சமச்சீர்ப் பூவையும் சாதாரணப் பூவையும் கலந்தார், முதல் தலைமுறை முழுக்கச் சாதாரணப் பூ. அவற்றின் வாரிசுகள் 127 செடியில் 88 சாதாரணம், 37 சமச்சீர், 2 இரண்டுங்கெட்டான். இதை 1868இல் அச்சிட்டார். மறைந்த பண்பு அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு பங்கில் திரும்பி வரும் என்ற மெண்டலின் மூன்றுக்கு ஒன்று கணக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பே வெளிவந்திருந்தது. எண்களைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அதைப் பார்க்காமல் போனார். அக்கா பாத்தியில் நடந்ததும் அதன் பாதிதான்.

அடுத்த பருவம்

குழாயடிச் செடியைப் பிடுங்கி, பாத்தியின் மிச்சமெல்லாம் வாரி, ஸ்நாப்டிராகனைப் பாத்தியின் மறுகோடிக்கு மாற்றினோம். தெளிப்பானை எடுத்துவிட்டுக் காலையில் வேரடியில் தண்ணீர். சான்டிலியைப் பத்து வாரம் முன்கூட்டியே, மூடாமல் விதைத்தோம். ஆறு வாரம் கழித்துப் பொட்டோமாக். இரண்டுக்கும் மேலே பதினைந்து சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையைக் கிடையாகக் கட்டி, செடி உயர உயர வலையையும் உயர்த்தினோம். சான்டிலியில் ஆறு செடியைக் கிள்ளினோம், ஆறை விட்டுவிட்டோம்.

ஸ்னாப்ஷாட்டைத் தொட்டிக்கு மாற்றினோம். 15 முதல் 25 சென்டிமீட்டர் வளர்கிற செடிக்கு அதுதான் இடம். பாத்தியில் அதன் இடத்துக்கு சானட். என்னைக் கேட்டால் சாதாரண வீட்டுத்தோட்டத்துக்கு முதலில் வாங்க வேண்டியது இந்த நடுத்தர உயர ரகங்கள்தான், சானட், லிபர்ட்டி கிளாசிக் மாதிரி. 45 முதல் 60 சென்டிமீட்டர். முட்டு வேண்டாம், ஜாடிக்கு வெட்டவும் தண்டு இருக்கும். உயரமான ரகம் கொய்மலர்க்காரர்களுக்கு. அவர்கள் வலை கட்டச் சலிக்க மாட்டார்கள். விதை எடுத்து அடுத்த வருஷமும் அதையே பார்க்க ஆசை என்றால் கலப்பினத்தை விட்டு பிளாக் பிரின்ஸ் மாதிரி பழைய ரகம் வாங்கித் தனியாக வைக்கலாம். இலையே செம்பு கலந்த நிறம், பூ கருஞ்சிவப்பு.

கிள்ளாத சான்டிலி தொண்ணூறு சென்டிமீட்டர் போய், விரல் தடிமனில் ஒரே கதிராகப் பூத்தது. கிள்ளியது பதினாறு நாள் பிந்தி, செடிக்கு நாலைந்து கதிர், எழுபதுக்குச் சற்று மேல். பொட்டோமாக் அதற்குப் பின் பூத்து வெயில் வரைக்கும் தாக்குப்பிடித்தது. வலையைத் தாண்டி ஒன்றும் விழவில்லை. சானட் வரிசையில் பருவக் கடைசியில் ஏழெட்டு இலையில் துருப் புள்ளி வந்தது. அந்த இலைகளைக் கிள்ளி மூடிய பையில் போட்டு வெளியே தள்ளினோம். மருந்து எதுவும் அடிக்கவில்லை.

ஒரு தவறு மட்டும் என்னுடையது. சான்டிலி நாற்றை அளவுக்கு மேல் ஈரமாக வைத்துவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு மூலை முழுக்கத் தண்டு நூலாகி மடிந்து கிடந்தது, நாற்றழுகல். இருபது நாற்று போனது. "உன் தப்பையும் எழுது" என்றாள் அக்கா. எழுதிவிட்டேன்.

வெயில் ஏறியதும் சானட்டை ஒரு சாண் விட்டு வெட்டினாள். மறுபடி குளிர் தொடங்கியபோது அதே கட்டையிலிருந்து தளிர்த்துப் பூத்தது, முதல் தடவை அளவுக்கு இல்லாவிட்டாலும். அப்புறம் ஒருநாள் குழாயடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டு இடுக்கில் நாலு இலையோடு இன்னொரு குட்டிச் செடி. இலையைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேரோடு தோண்டித் தொட்டிக்கு மாற்றினாள்.

"நீ ஒண்ணும் சொல்லாதே" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.